பதின்மூன்றாம் தெருவில் ஒரு கிரேக்கக் கோயில்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் கிரெனிச் வில்லேஜ் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரில்தான் கிராமம், அமெரிக்காவிலேயே வீட்டு வாடகை எகிறிக் கிடக்கும் இடங்களில் ஒன்று. அங்கே மேற்குப் பதின்மூன்றாம் தெருவில், ஆறாவது அவென்யூவுக்கும் ஏழாவது அவென்யூவுக்கும் நடுவே நடந்து போனால், வரிசை வீடுகளுக்கு இடையில் திடீரென்று ஒரு கிரேக்கக் கோயில் எதிர்ப்படும். அகலமான படிக்கட்டு, பருத்த டோரிக் தூண்கள், அவற்றின் தலைக்கு மேல் பெரிய முக்கோண முகப்பு. உள்ளே போனால் சாமியும் கிடையாது, சபையும் கிடையாது. சமையலறை, படுக்கையறை, குளியலறை! 1982 முதல் அது அடுக்குமாடிக் குடியிருப்பு. பெயர் போர்டிகோ பிளேஸ். நம் ஊரில் போர்டிகோ என்றால் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் இடம். அங்கே அது தூண் வைத்த முகமண்டபத்தைக் குறிக்கும் சொல்.

குடியிருப்பாவதற்கு முன் அது ஒரு பிரஸ்பிட்டேரியன் தேவாலயம். கடைசி இருபது ஆண்டுகளில் அதே கூரையின் கீழ் யூதர்களின் ஆலயமும் இருந்தது.

தேவாலயம் வீடாக மாறிய கதைகளை மேலைநாடுகளில் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மக்களுக்குப் பக்தி குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை இருக்கைகள் காலியாகின, கூரை ஒழுகியது, சபையால் செலவு தாங்க முடியவில்லை, கட்டடக்காரர் வந்தார், விற்றார்கள். பெரும்பாலும் உண்மையும் அதுதான். ஆனால் பதின்மூன்றாம் தெருக் கட்டடத்தின் கதையில் இந்த வரிசை கொஞ்சம் கலைந்து போகிறது.

முதலில் அது எப்படி அங்கே வந்தது என்று பார்க்கலாம். 1822இல் நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, தீவின் தென்முனையில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்கள் வடக்கே இருந்த கிரெனிச் கிராமத்துக்கு ஓடினார்கள். பலர் திரும்பிப் போகவில்லை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் கிராமம் நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. வீடு வந்தால் பின்னாலேயே தேவாலயமும் வரும். அப்படி 1846-47இல் எழுந்ததுதான் பதின்மூன்றாம் தெரு பிரஸ்பிட்டேரியன் தேவாலயம். வடிவமைத்தவர் சாமுவேல் தாம்சன் என்று கருதப்படுகிறது.

கிறிஸ்தவ ஆலயத்துக்கு ஏன் கிரேக்கக் கோயில் வடிவம்? 1821இல் கிரேக்கர்கள் துருக்கிய ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியபோது அமெரிக்கர்களுக்குப் பெரிய உற்சாகம். தாங்களும் பேரரசை எதிர்த்து விடுதலை பெற்றவர்கள், மக்களாட்சி பிறந்த மண் கிரேக்கம் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். வங்கி, நீதிமன்றம், சுங்க அலுவலகம், பணக்காரர் வீடு என்று எதைக் கட்டினாலும் முன்னால் நான்கு தூணை நிறுத்தினார்கள். அந்த அலையில் தேவாலயங்களும் சேர்ந்துகொண்டன.

வேடிக்கை என்னவென்றால், பதின்மூன்றாம் தெருவில் தூண்கள் எழும்பிய நேரத்தில் அந்த மோகமே வடியத் தொடங்கிவிட்டது. அதே 1846இல் வால் ஸ்ட்ரீட்டின் தலைமாட்டில் ரிச்சர்ட் அப்ஜான் கட்டிய டிரினிட்டி தேவாலயம் திறக்கப்பட்டது. பிராட்வேயில் ஜேம்ஸ் ரென்விக் கட்டிய கிரேஸ் தேவாலயமும் அதே ஆண்டில்தான். இரண்டும் கூர்மையான கோபுரத்தோடு கோதிக் பாணியில் எழுந்தவை. இனிமேல் தேவாலயம் என்றால் கோதிக்தான் என்று ஊரே அந்தப் பக்கம் திரும்பியது. நம் பிரஸ்பிட்டேரியன்கள் மட்டும் பழைய ஃபேஷனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 1855இலும் 1902இலும் தீப்பிடித்தபோதும் மீண்டும் அதே வடிவத்தில்தான் எழுப்பினார்கள். இன்று நியூயார்க்கில் மிச்சமிருக்கும் கிரேக்க பாணித் தேவாலயங்களைப் பட்டியல் போட்டால் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. சில சமயம் பிடிவாதமும் நல்லதுதான்!

இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது ஏதென்ஸ் நகரத்தின் தீசியம் கோயில். உண்மையில் அது ஹெஃபைஸ்டஸ் என்ற கொல்லர் கடவுளின் கோயில், கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய கிரேக்கக் கோயில்களில் சிதையாமல் நிற்பவை மிகக் குறைவு. இது மட்டும் எப்படித் தப்பியது? பல நூற்றாண்டுகள் அதைப் புனித ஜார்ஜ் பெயரில் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றி வைத்திருந்தார்கள். வழிபாடு நடந்ததால் கூரை பராமரிக்கப்பட்டது, கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகவும் ஆள் வரவில்லை. 1830களில் வழிபாடு நின்றது; பிறகு 1934 வரை அருங்காட்சியகம். ஆக, கோயிலொன்று தேவாலயமாகித் தப்பியது. அதைப் பார்த்துக் கட்டிய தேவாலயம் பிற்காலத்தில் வீடாகித் தப்பியது.

பதின்மூன்றாம் தெருச் சபையின் முதல் பெரிய போதகர் சாமுவேல் பர்ச்சர்ட். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர். அவர் அந்த மேடையில் செய்த பிரசங்கங்களை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தத் தேவாலயத்தை விட்டு மர்ரே ஹில் சபைக்குப் போன பிறகு, வேறொரு இடத்தில் பேசிய மூன்றே சொற்கள் அமெரிக்க வரலாற்றுப் புத்தகங்களில் அவரை ஏற்றிவிட்டன.

1884ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளெய்ன். அவருடைய தாயார் கத்தோலிக்கர் என்பதால், வழக்கமாக எதிர்க்கட்சிக்குப் போகும் ஐரிஷ் கத்தோலிக்க வாக்குகள் இந்த முறை கொஞ்சம் தன் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டிருந்தார். அக்டோபர் 29 அன்று ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் கூட்டமாக வந்து அவரை வாழ்த்தினார்கள். வாழ்த்துரை வழங்கியவர் பர்ச்சர்ட். எங்கள் கட்சியை விட்டுவிட்டு, 'ரம், ரோமானிசம், ரிபெல்லியன்' ஆகிய மூன்றையும் பாரம்பரியமாகக் கொண்ட கட்சியோடு போய்ச் சேர மாட்டோம் என்று முழங்கினார். அதாவது சாராயம், ரோம மதம், கலகம். எதுகை மோனைக்கு ஆசைப்பட்டுப் பேசும் மேடைப் பேச்சாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு!

களைத்துப் போயிருந்த பிளெய்ன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? துண்டறிக்கை அடித்து, தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க ஆலய வாசல்களில் விநியோகித்தார்கள். நவம்பர் 4 அன்று நியூயார்க் மாநிலத்தில் பதிவான வாக்குகள் 11 லட்சத்துக்கும் மேல். பிளெய்ன் தோற்ற வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். அந்த ஒரு மாநிலத்தின் 36 தேர்தல் வாக்குகளும் குரோவர் கிளீவ்லாந்துக்குப் போயின, ஜனாதிபதிப் பதவியும் கூடவே போனது. இதற்குப் பர்ச்சர்ட் ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. மதுவிலக்குக் கட்சி அதே மாநிலத்தில் சுமார் 25,000 வாக்குகளைப் பிரித்தது. பிளெய்னின் சொந்தக் கட்சியிலேயே அவருக்கு எதிரிகள் இருந்தார்கள். இருந்தாலும் பழி பாதிரியின் நாக்கில்தான் விழுந்தது.

இந்தக் கிளைக்கதைக்கு இங்கே ஓர் இடம் உண்டு. மாற்று மதத்தவரைப் பற்றி மூன்று சொல்லில் ஒரு தேர்தலைக் கவிழ்த்ததாகப் பெயர் வாங்கிய போதகர் பல்லாண்டுகள் நின்று பேசிய தேவாலயம் இது. எழுபது ஆண்டுகள் கழித்து அதே தேவாலயம், அமெரிக்காவில் யாரும் அதிகம் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது.

1954இல் சபையின் பெயர் வில்லேஜ் பிரஸ்பிட்டேரியன் தேவாலயம். போதகர் ஜெஸ்ஸி வில்லியம் ஸ்டிட். அப்போது அந்தப் பகுதியில் ஒரு புதிய யூத சபையைத் தொடங்கிய இளம் ரபி, இர்விங் பிளாக். அவரிடம் கட்டடம் இல்லை. ஸ்டிட்டிடம் கட்டடம் இருந்தது. அதை நிரப்பப் போதுமான கூட்டம்தான் இல்லை. ஏனென்றால் வசதியான புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் வடக்கே வடக்கே என்று நகர்ந்துகொண்டே இருந்தன; வில்லேஜில் இத்தாலியரும் ஐரிஷ்காரரும் யூதரும் எழுத்தாளரும் ஓவியரும் குடியேறியிருந்தார்கள்.

இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். யூத சபை வெறும் வாடகைதாரராக வரவில்லை. கட்டடத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்று உடன்படிக்கையே செய்துகொண்டார்கள். யூத சபை தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பிரதர்ஹுட் சினகாக், அதாவது சகோதரத்துவ ஆலயம்.

நடைமுறையில் இது நாம் நினைப்பதை விடச் சுலபம், நினைப்பதை விடக் கஷ்டமும் கூட. சுலபம் எதில் என்றால், நாள் மோதாது. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை முடியும், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு. இன்னொன்று, பிரஸ்பிட்டேரியன்கள் கால்வின் வழி வந்தவர்கள். சிலை, ஓவியம், மெழுகுவர்த்தி வரிசை என்று எதையும் அடுக்க மாட்டார்கள். உருவ வழிபாட்டை ஒப்புக்கொள்ளாத யூதர்களுக்கு அப்படிப்பட்ட வெறுமையான மண்டபம் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. தூண்களோ இயேசு பிறப்பதற்கு முந்தைய கிரேக்கர்களுடையவை, இரண்டு பேருக்குமே சொந்தமில்லை!

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. 1954 என்பது யூத இனப்படுகொலை முடிந்து ஒன்பதே ஆண்டுகள் ஆன நேரம். பல நூற்றாண்டுகளாகத் தேவாலயங்களிலிருந்து கிளம்பிய பழியையும் பகையையும் யூதர்கள் மறந்திருக்க முடியாது. இயேசுவைக் கொன்ற பழியை யூத இனம் முழுவதன் மீதும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அதிகாரபூர்வமாக அறிவித்ததே 1965இல்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே இந்த இரண்டு சபைகளும் ஒரே சாவியைப் பகிர்ந்துகொண்டன. அன்றைய அமெரிக்காவில் கம்யூனிசத்துக்கு எதிராக 'யூத-கிறிஸ்தவ மரபு' என்று மேடைக்கு மேடை பேசுவது வழக்கமாகி வந்தது என்பதும் உண்மை. பேசுவது சுலபம். ஒரே கட்டடத்தில் கூரைக்கும் விளக்குக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் சேர்ந்து பொறுப்பேற்பது அப்படியல்ல.

அந்த ஏற்பாடு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடியது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் அங்கே வளர்ந்து பெரியவர்களானார்கள். இவ்வளவு காலம் நீடித்ததற்குப் பெரும் காரணம் அந்த இரண்டு மனிதர்களின் நட்பு. அதுவே பலவீனமும் கூட. ஸ்டிட்டின் காலம் முடிந்து வேறொரு போதகர் வந்தபோது உடன்படிக்கை இருந்தது, அதை எழுதிய கைகளில் ஒன்று இல்லை.

பிறகு 1973 அக்டோபர் 6. யூதர்களின் ஆண்டிலேயே மிகப் புனிதமான யோம் கிப்பூர் நாள். எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல் மீது ஒரே நேரத்தில் தாக்குதல் தொடங்கின. மூன்று வாரம்கூட நடக்காத போர், உலகம் முழுக்க எண்ணெய் விலையை ஏற்றிவிட்டுப் போனது. பதின்மூன்றாம் தெருவில் அது வேறொன்றைச் செய்தது. இஸ்ரேலைப் பற்றி, அந்தப் போரைப் பற்றி, கிறிஸ்தவத் தரப்புக்கும் யூதத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. சமரசம் ஏற்படவில்லை. 1974இல் யூத சபை அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது.

திரித்துவம், மெசியா, ஓய்வுநாள் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுச் சண்டைக்குரிய விஷயங்கள் அத்தனையும் கைவசம் இருந்தும், இருபது ஆண்டுகளில் அவற்றில் ஒன்றும் இவர்களைப் பிரிக்கவில்லை. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி நடந்த ஒரு போர் பிரித்தது. பிரஸ்பிட்டேரியன்களுக்குள் இந்த விவகாரம் அத்தோடு முடியவும் இல்லை. 2014இல் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுப் பேரவை, இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு உதவுவதாகச் சொல்லி மூன்று நிறுவனங்களிலிருந்து தன் முதலீட்டைத் திரும்பப் பெற வாக்களித்தபோது முடிவு 310க்கு 303. ஏழு வாக்கு வித்தியாசம்! அப்போதும் யூத அமைப்புகளோடு மனத்தாங்கல்தான்.

தனியே நின்ற பிரஸ்பிட்டேரியன் சபையால் ஓராண்டு கூடச் சரியாகத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1975இல் சபை கலைக்கப்பட்டது. ஆகவே குடியிருப்பு வந்து தேவாலயத்தை விழுங்கியது என்று யாராவது சொன்னால் அது தவறு. வீடாக மாறும் முன்பே வழிபாட்டிடமாக அதன் உயிர் போய்விட்டது.

1975இல் நியூயார்க் நகராட்சியே திவாலாகும் நிலையில் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் காலியான பழைய தேவாலயத்தை இடித்துவிட்டு மனையை விற்பதுதான் சுலபமான வழி. ஆனால் அது முடியாது. 1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியதும் ஊரே கொதித்தது, அதன் விளைவாக 1965இல் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது. 1969இல் கிரெனிச் வில்லேஜின் பெரும்பகுதி அந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. அனுமதி இல்லாமல் முகப்பில் கை வைக்க முடியாது.

மத நிறுவனத்துக்கு இந்தச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி அந்தக் காலத்தில் பலமாக எழுந்தது. பார்க் அவென்யூவின் புனித பார்த்தலோமியு தேவாலயம் தன் வளாகத்தில் அலுவலகக் கோபுரம் எழுப்ப 1981இல் முயன்று, அனுமதி கிடைக்காமல் வழக்குப் போட்டது. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது; அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. இதில் இரண்டு பக்க நியாயமும் இருக்கிறது. ஊருக்கு அழகு வேண்டும் என்பதற்காக, கூட்டமும் பணமும் இல்லாத ஒரு சபை ஏன் கடன்பட்டுக் கூரை மாற்ற வேண்டும்? சட்டம் கல்லைக் காப்பாற்றும், சபையைக் காப்பாற்றாது.

ஆக, வெளியே தொடக் கூடாது, உள்ளே மாற்றிக்கொள்ளலாம். 1982இல் அந்த வேலையைச் செய்த கட்டடக் கலைஞர் ஸ்டீஃபன் ஜேக்கப்ஸ். தேவாலயத்தை வீடாக்குவதில் பொதுவான சிக்கல் உயரம். ஒரே பெரிய கூடம், தரையிலிருந்து கூரை வரை வெற்றிடம். நடுவில் தளங்களைப் போட்டால் நீண்ட ஜன்னல்களின் குறுக்கே தளம் வந்து முட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர், கழிவுக்குழாய், தீயணைப்புப் படி எல்லாம் எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். கோதிக் தேவாலயமாக இருந்தால் கூர்வளைவும் சாய்வுமாக ஒவ்வொரு மூலையும் படுத்தும். கிரேக்க பாணி நான்கு சுவர் வைத்த பெட்டி. அந்த வகையில் கொஞ்சம் வசதி. 1846இல் ஃபேஷன் போன வடிவம் என்று இருந்தது இங்கே கைகொடுத்தது.

அந்த ஜேக்கப்ஸ் யார் என்பதையும் சொல்ல வேண்டும். போலந்தில் 1939இல் பிறந்த யூதர். 1945 ஏப்ரலில் புச்சன்வால்ட் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது உள்ளே உயிரோடு இருந்த ஐந்து வயதுச் சிறுவன். பிற்காலத்தில் அதே புச்சன்வால்டில், 'சிறிய முகாம்' என்று அழைக்கப்பட்ட பகுதிக்கான நினைவிடத்தை வடிவமைத்தார். 2002இல் அது திறக்கப்பட்டது. நியூயார்க்கில் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு ஞாபகம் வருவது 2004இல் திறந்த ஆடம்பரமான கான்ஸ்வோர்ட் ஹோட்டல். அது இருப்பதும் பதின்மூன்றாம் தெருவின் மேற்குக் கோடியில்தான்.

போர்டிகோ பிளேஸுக்குப் பிறகு வில்லேஜில் இந்த மாதிரி மாற்றங்கள் தொடர்ந்தன. வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களுக்கு இடம் கொடுத்ததால் 'சமாதானத் தேவாலயம்' என்றே பெயர் வாங்கிய வாஷிங்டன் ஸ்கொயர் மெதடிஸ்ட் ஆலயம் 2000களில் சொகுசு வீடுகளானது. 1912இல் டைட்டானிக்கில் தப்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த புனித வின்சென்ட் மருத்துவமனை 2010இல் மூடப்பட்டு, அந்த இடத்திலும் கோடீஸ்வரர்களுக்கான குடியிருப்பு எழுந்தது. பதின்மூன்றாம் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரு மருத்துவமனை போனதற்கு அக்கம்பக்கத்தார் தெருவில் இறங்கினார்கள். ஒரு தேவாலயம் போனதற்கு அவ்வளவு சத்தம் எழுவதில்லை.

1974இல் வெளியேறிய யூத சபை எங்கே போனது? கிழக்கே, கிராமர்சி பூங்காவின் தெற்குப் பக்கத்தில் 1859இல் க்வேக்கர்கள் கட்டிய ஒரு கூட்ட மண்டபம் இருந்தது. க்வேக்கர்கள் அதை விட்டுப் போய்விட்டார்கள். அதை இடித்துவிட்டு உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுவதாக ஒரு திட்டமும் வந்தது. 1965இல் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதால் தப்பியது. பாழடைந்து கிடந்த அந்த மண்டபத்தை யூத சபை வாங்கியது. ஜேம்ஸ் போல்ஷெக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்துக் கொடுத்தார். அங்கேயும் சிலை கிடையாது, ஓவியம் கிடையாது. வீடாகப் போக இருந்த க்வேக்கர் மண்டபம் யூத ஆலயமாயிற்று; யூதரும் கிறிஸ்தவரும் தொழுத மண்டபம் வீடாயிற்று.

ரபி பிளாக் அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தச் சபையை நடத்தினார். பதின்மூன்றாம் தெருவை விட்டு வந்த பிறகும் அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கிராமர்சி பூங்காவில் இன்றும் அது பிரதர்ஹுட் சினகாக்தான்.